ஹோம் தவிர்த்து டிக் லீ பாட்டுல ஒரு அஞ்சு சொல்லுங்க

கேள்வி, 14 ஜூலை 2024

ஆகஸ்ட் நெருங்குனா, நேஷனல் டே வருதுன்னு, சிங்கப்பூர்ல சூப்பர்மார்க்கெட்ல கூட ஹோம் பாட்டுதான் ஓடுது. எழுதுனவர் நம்மூர் டிக் லீன்னு மட்டும் தெரியும், அவரோட வேற எதையும் நான் கேட்டதில்ல. பழைய ரசிகர் யாராச்சும் இருந்தா அஞ்சு பாட்டு சொல்லுங்க, அதுலேந்து ஆரம்பிக்கிறேன்.

14 ஜூலை, இரவு 10.52

நான் இருக்கேன். 35 வருஷமா இருக்கேன். வீட்ல யாரும் இந்தக் கேள்விய கேக்காததால பதில் ரெடியா கெடக்கு.

ஒண்ணு ராசா சாயாங். ரெண்டு த மேட் சைனாமேன். மூணு ஃப்ரைட் ரைஸ் பாரடைஸ். நாலு புங்ஙா சாயாங். அஞ்சாவது யோசிக்கணும்.

ஹோம் 1997ல வந்த நல்ல பாட்டுதான், இல்லேங்கல, ஆனா அது அவரோட பெஸ்ட் கிடையாது. அது கல்யாண வீட்டுக்குக் கட்டுற பட்டுச்சேலை மாதிரி. தெனம் போட்டுக்கிற துணி மத்ததெல்லாம்.

14 ஜூலை, இரவு 11.10

1998. அந்த வருஷ நேஷனல் டேக்கு கிட் சான் பாடுனது. திருத்துனதுக்கு நன்றி, ஆனா மூணு பேர் சேந்து திருத்த வேண்டியதில்ல.

15 ஜூலை, மதியம்

ராசா சாயாங் ஏன் முதல்லன்னு கேட்டவருக்கு. சாப்பாட்டு நேரத்துல ஃபோன்ல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

1989ல நான் என்எஸ்ல, அதான் கட்டாய ராணுவ சேவையில, இருந்தேன். அதுவரைக்கும் என் கேசட் எல்லாம் லிட்டில் இந்தியா தேக்காவுல வாங்குனது, அம்புட்டும் படப்பாட்டு. இங்கிலீஷ் பாட்டுன்னா லண்டன்காரனும் அமெரிக்காக்காரனும் பாடுறதுன்னுதான் எண்ணம். கேம்ப்ல நாங்க தூங்குற பங்க் ரூம்ல பக்கத்து கட்டில்ல ஒரு சீனப்பையன், ஞாயித்துக்கிழமை ராத்திரி லீவு முடிஞ்சு புக் இன் பண்ணுனதும் வாக்மேன எடுத்து ஒரு பக்க ஹெட்ஃபோன என் காதுல அமுக்கி "கேளு கேளு"ன்னான். கேட்டா ராசா சாயாங்! ஸ்கூல்ல கைதட்டிப் பாடுன மலாய் பாட்டு, அதுக்கு நடுவுல ஒருத்தர் ராப் பண்றார், எங்க கோப்பிக் கடையில பேசுற அதே வாயில. சிங்கப்பூர்னா என்னன்னு வெளியூர்க்காரனுக்கு வெளக்குற மாதிரி, தானும் சிரிச்சிக்கிட்டே.

எனக்கு ஒரு மாதிரி வெக்கமா போச்சு, அதான் உண்மை. நம்ம வீட்ல பேசுற மாதிரி டிவியில யாராச்சும் பேசுனா கூசுமில்ல, அந்தக் கூச்சம். ரெண்டாவது தடவை கேக்கும்போது கூச்சம் இல்ல. அடுத்த வாரம் அலவன்ஸ்ல அந்தக் கேசட்ட வாங்கிட்டேன். கவர்ல சீன ஆபரா வேஷம் கட்டி, முகத்துல சாயம் பூசிக்கிட்டு அவரே நிப்பார். அம்மா அதப் பாத்துட்டு "இது என்னடா கூத்துக்காரன்"னாங்க. தெருக்கூத்து பாத்து வளந்தவங்க, அவங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு.

15 ஜூலை, சாயந்தரம்

கேசட் கதை பாதியில நிக்குது. அத்தான் அப்ப ஒரு டெலிவரி லாரி ஓட்டுனார். ஒரு லீவு நாள் அவரோட போகும்போது நான் பெருமையா இந்தக் கேசட்ட லாரி பிளேயர்ல சொருகுனேன். ரெண்டு பாட்டு ஒழுங்கா ஓடுச்சு, ராசா சாயாங் நடுவுல குரல் தடிச்சுப் போயி மாடு கத்துற மாதிரி ஆயி நின்னுச்சு. எஜெக்ட் அமுக்குனா கேசட் வெளிய வருது, டேப் உள்ளயே இருக்கு. இழுக்க இழுக்க இடியாப்பம் மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. அத்தான் ஸ்டியரிங்க விடாம ஒத்தக் கையால இழுத்துப் பாத்தார், நான் அலறுனேன்.

வீட்டுக்கு வந்து கசங்குன இடத்த பிளேடால நறுக்கி, ரெண்டு முனையையும் செலோடேப்ல ஒட்டி, ஓரத்த நகவெட்டியால செதுக்கி, பென்சில் விட்டுச் சுத்தி எடுத்தேன். ஓடுச்சு. ஆனா நடுவுல ரெண்டு செகண்டு காணோம். அடுத்த பத்து வருஷம் அந்தப் பாட்ட நான் அப்படித்தான் கேட்டேன், ஒரு வரி முடியறதுக்குள்ள அடுத்த வரி மேல விழுந்துடும். இப்ப ஃபோன்ல சுத்தமா முழுசா ஓடும்போது அந்த இடம் வந்தா எனக்கு எதோ கூடுதலா சேத்துட்டாங்கன்னு தோணுது.

16 ஜூலை

"நாசி கோரேங்கப் பத்தி ஒரு பாட்டாம், அதுக்கு மூணாவது இடமாம்"னு நக்கல் பண்ண தம்பிக்கு.

ஃப்ரைட் ரைஸ் பாரடைஸ் வந்தது 1974ல. அவர் பொறந்தது 1956, அப்ப கணக்கு போட்டுக்க. அதே வருஷம்தான் முதல் ஆல்பம், லைஃப் ஸ்டோரி. அந்த வயசுப் பசங்க எல்லாம் அமெரிக்கன் மாதிரி மூக்கால பாடிட்டு இருந்த காலத்துல இவர் நம்மூர் சோத்தப் பத்தி நம்மூர் இங்கிலீஷ்ல எழுதுறார். ரேடியோவுல போட முடியாதுன்னுட்டாங்க, மொழி சரியில்லையாம். அப்புறம் 2000ல நல்ல இங்கிலீஷ் பேசுங்கன்னு இயக்கமே வந்துச்சு, ஆனா பாட்டு அதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் பரவியாச்சு. தடை பண்ண பாட்டுதான் கேம்ப்ல எல்லாத்துக்கும் மனப்பாடம், அதான் வேடிக்கை.

நான் மூணாவதா வச்சதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. என் மாமா ஒருத்தர் ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில மீ கோரேங், அதான் வறுத்த நூடுல்ஸ், போட்டவர். வாணலியில கரண்டி தட்டுற சத்தத்துக்கு ஒரு தாளம் இருக்கும், டக் டக் டக்-டக்னு, எண்ணெய் சூடாச்சுன்னா வேகம் கூடும். இந்தப் பாட்டக் கேட்டா எனக்கு அவர் தட்டுறது கேக்கும். பாட்டுல அப்படி ஒரு சத்தமே கெடையாது, எனக்குத் தெரியும். சண்டைக்கு வராதீங்க.

16 ஜூலை, இரவு

மீ கோரேங் எந்தக் கடைன்னு ஆறு பேர் கேட்டுட்டீங்க. கடை இல்ல இப்ப. மாமாவும் இல்ல. பாட்டுக்கு வாங்க.

18 ஜூலை

"தமிழனா இருந்துக்கிட்டு உங்களுக்கு ராஜா பத்தலையா"ன்னு ஒரு அண்ணன். ராஜா வேற டிபார்ட்மென்ட்டுண்ணே. ஒரு வயித்துல இட்லியும் போகும் லக்சாவும் போகும்.

20 ஜூலை

மேட் சைனாமேன். இதத்தான் எழுதணும்னு நாலு நாளா தள்ளிப்போட்டுட்டு இருந்தேன்.

அந்தப் பாட்டு என்னன்னா, கெழக்கா மேக்கான்னு தெரியாம நடுவுல நிக்கிற ஒரு ஆளு. சீன மொகம், ஆனா இங்கிலீஷ்ல யோசிக்கிறான். டிக் லீ பெரனாக்கன் வழி வந்தவர், மலாயும் சீனமும் கலந்த வீடு, அதனால அவருக்கு அது வெறும் பாட்டு வரி இல்லேன்னு நினைக்கிறேன். அந்தத் தலைப்ப அவரே தனக்கு வச்சிக்கிட்டார் பாருங்க, ஊர்ல எவனாச்சும் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி தானே சொல்லிடறது. அது ஒரு புத்தி.

எனக்கு 20 வயசு. அப்பா தஞ்சாவூர் பக்கம், நான் குவீன்ஸ்டவுன். வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், ஃபுட்பால்ல மலாய், என்எஸ்ல ஹொக்கியன் கெட்ட வார்த்தை. அதுக்கு மொத வருஷம்தான் ஊருக்குப் போயிருந்தோம். சித்தப்பா மகன் நான் பேசுன தமிழக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான், "அண்ணே நீ பேசுறது நியூஸ் வாசிக்கிற மாதிரி பாதி, சைனாக்காரன் மாதிரி பாதி இருக்கு"ன்னான். இங்க திரும்பி வந்தா சார்ஜன்ட் "இந்தியாவுலேந்து எப்ப வந்த"ங்கிறார். ஒரே மாசத்துல ரெண்டும் நடந்துச்சு. அந்த நேரத்துல இந்தப் பாட்டு காதுல விழுந்தா என்ன ஆகும் சொல்லுங்க. சைனாமேன்ங்கிற இடத்துல வேற சொல்லப் போட்டுக்கிட்டு பாடுவேன், தனியா, கார்ட் டூட்டியில. என்ன சொல்லுன்னு கேக்காதீங்க, மெட்டுக்கும் ஒட்டாது.

அதே பேர்ல வந்த ஆல்பத்துக்கப்புறம் அவர் ஜப்பானுக்குப் போயிட்டார், அங்கயும் பேரெடுத்தார். நான் ரெண்டரை வருஷம் முடிச்சுட்டு ஏர்கான் வேலைக்குப் போனேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்.

21 ஜூலை

நேத்து எழுதுனத படிச்சுப் பாத்தேன், ராசா சாயாங்க ரெண்டாவதுக்கு எறக்கணுமோன்னு தோணுது. பாக்கலாம்.

23 ஜூலை

புங்ஙா சாயாங் பத்தி. மலாய்ல புங்ஙான்னா பூ. எங்கப்பா கடைசி வரைக்கும் அதப் பூங்கான்னுதான் சொன்னார், பார்க் பத்தின பாட்டுன்னு.

ரொம்ப வருஷம் இது டிக் லீ பாட்டுன்னே எனக்குத் தெரியாது. எங்க பழைய புளோக் வாய்ட் டெக்ல, அதான் அடுக்குமாடிக்குக் கீழ இருக்குற தொறந்த எடத்துல, மலாய்க் கல்யாணம் நடக்கும்போதெல்லாம் காரோக்கியில யாராச்சும் ஒரு அக்கா பாடுவாங்க. நான் பிரியாணித் தட்டோட உக்காந்து கேட்டுட்டு, அம்பது வருஷம் நூறு வருஷம் பழைய பாட்டு போலன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு தடவை பக்கத்து வீட்டு மக்சிக்கிட்ட "உங்க பழைய பாட்டுல இது எனக்கு ரொம்பப் புடிக்கும்"னேன். அவங்க ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, "பழசாவது, உன் டிக் லீ எழுதுனது"ன்னாங்க. தட்டு கையில அப்படியே நிக்குது. கம்போங் அம்பர்னு 1994ல ஒரு மேடை மியூசிக்கல், அதுக்காக எழுதுனது. ரசிகன்னு மாரத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் மொகத்துல அன்னிக்கு ஈயாடல.

ஒரு பாட்டு எழுதுனவன் பேரே மறந்து போற அளவுக்கு ஊரோட கலந்துடுச்சுன்னா அதுக்கு மேல என்ன அவார்டு? 2005ல கல்ச்சரல் மெடாலியனும் குடுத்தாங்கதான். மக்சி சிரிச்சது பெருசுன்னு நான் சொல்லுவேன்.

23 ஜூலை, கொஞ்ச நேரங்கழிச்சு

மக்சின்னா யாருன்னு கேட்ட சென்னை நண்பருக்கு: மக்சிக், மலாய்ல அத்தை மாதிரி, பெரியம்மா மாதிரி, வயசான அம்மா யாரா இருந்தாலும். நாங்க கடைசி 'க்'க முழுங்கிடுவோம்.

27 ஜூலை

அஞ்சாவது. பியூட்டி வேர்ல்டுல ஏதாச்சும் வைக்கலாம்னு பாத்தேன். 1988 மியூசிக்கல், கதை மைக்கேல் சியாங், பாட்டெல்லாம் இவர். பத்து பஹாட்லேந்து ஒரு பொண்ணு அப்பனத் தேடி சிங்கப்பூர் வந்து கேபரேயில சிக்கிக்கிற கதை, அப்படியே நம்ம பழைய கறுப்பு வெள்ளைப் படம், தாயத்து மாதிரி ஒரு ஜேடு டாலர் கூட உண்டு. மக கூட்டிட்டுப் போய்த்தான் பாத்தேன், சத்தம் போட்டுச் சிரிச்சேன். ஆனா மேடையில பாத்தாத்தான் அது, ஃபோன்ல கேட்டா பாதிதான் வருது.

அதனால அஞ்சாவதுக்கு ஒரு கள்ள ஓட்டு போடறேன். லெஸ்லி சியூங் பாடுன 'ச்சோய்'. கேன்டனீஸ். 1994ல ஒரு ஹாங்காங் படத்துக்கு டிக் லீ மெட்டு போட்டது, அடுத்த வருஷம் ஹாங்காங் ஃபிலிம் அவார்ட்ஸ்ல சிறந்த பாட்டு. எங்க கம்பெனி டின்னர்ல ஒரு பழைய கான்ட்ராக்டர், எப்ப பாத்தாலும் திட்டிக்கிட்டே இருக்குற ஆளு, மைக்கப் புடிச்சு இதப் பாடுனார். பாடி முடிச்சதும் கண்ணத் தொடச்சிக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உக்காந்து, நாளைக்கு எட்டு மணிக்கு சைட்டுக்கு வந்துடுன்னார். எனக்கு அதுல ஒரு வார்த்தை புரியாது. புரியாதது நல்லதுன்னே விட்டுட்டேன், மக ஒரு நாள் அர்த்தம் பாத்துச் சொல்றேன்னப்ப வேணாம்னுட்டேன்.

2 ஆகஸ்ட்

நம்ம ஆளுங்கள்ல டிக் லீ மாதிரி யாராச்சும் உண்டான்னு ஒரு கேள்வி. தானே எழுதி தானே மெட்டுப் போட்டு, இந்த ஊர்லேந்து.

ஷபீர். யோசிக்கவே வேணாம். வசந்தம் ஸ்டார்ங்கிற டிவி பாட்டுப் போட்டியில ஜெயிச்சு வந்த பையன், 2012ல சிங்கை நாடு எழுதிப் பாடுனார். அதுக்கு முன்னாடி நமக்கு நேஷனல் டேன்னா ஜேசுதாசன் எழுதுன முன்னேறு வாலிபாதான், அதக் கேட்டா இப்பவும் தன்னால கால் மார்ச் பண்ணும், ஸ்கூல்ல அப்படிப் பழக்கிட்டாங்க. ஆனா ஷபீரோட பாட்டுல எனக்கு யாயும்தான். சகா படத்துல வர்றது. குறுந்தொகை நாப்பதாம் பாட்ட எடுத்து காதல் டூயட்டுக்குள்ள வச்சார் பாருங்க, செம்புலப் பெயல்நீர், செம்மண்ணுல மழை கலந்த மாதிரி. என் மக சிநேகிதி கல்யாணத்துல பொண்ணுங்க எல்லாம் அதுக்கு ஆடுனாங்க. "இது நம்ம சிங்கப்பூர்ப் பையன் போட்ட பாட்டு"ன்னு நான் மேசை மேசையாப் போயி சொல்லிட்டு வந்தேன். மக என்ன வெளிய கூட்டிட்டுப் போயி காத்து வாங்க வச்சா.

பழைய மலாய்ப் பாட்ட எடுத்து ராப் பண்றதும், ரெண்டாயிரம் வருஷப் பாட்ட எடுத்து டூயட் பண்றதும் எனக்கு ஒரே வேலையாத்தான் தெரியுது. ரெண்டு பேருக்கும் பாட்டன் சொத்து மேல பயம் இல்ல.

5 ஆகஸ்ட்

ஸ்டெஃபனி சன் 2002ல பாடுன வீ வில் கெட் தேர் அவங்களே எழுதுனதுன்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார். அதுவும் டிக் லீதான். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நெனச்சேன், நல்லவேளை இங்க எழுதல.

9 ஆகஸ்ட், இரவு

பரேடு பாத்து முடிச்சாச்சு. வீட்ல எல்லாரும் பாடுனாங்க. நான் மொத நாள் எழுதுன பட்டுச்சேலை உவமைய மக இப்பத்தான் படிச்சுட்டு "உங்களுக்குக் கொழுப்புப்பா"ங்கிறா. "சர்க்கிட் பிரேக்கர் லாக்டவுன்ல நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதுனீங்களா"ன்னும் கேட்டா. எழுதல.

2020 ஏப்ரல் 25, சாயந்தரம் 7.55. ஊரே ஜன்னலுக்கு வந்து ஹோம் பாடணும்னு சொல்லியிருந்தாங்க, முன்களத்துல நிக்கிறவங்களுக்காகவும் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்காகவும். எங்க புளோக்குக்கு எதிர் புளோக் 14 மாடி, ஒவ்வொரு ஜன்னலா டார்ச் எரியுது. நான் காரிடார்ல கையக் கட்டிட்டு நின்னேன், ரசிகன் இல்லியா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி. அந்த நேரம் பாத்து ஃபோன். எங்ககிட்ட ஏர்கான் வேலை பாத்த புதுக்கோட்டைத் தம்பி, டார்மிட்டரியில அடைஞ்சு கெடக்கான், மூணு வாரமா ரூமை விட்டு வெளிய வரல. "அண்ணே சம்பளம் ஏறிடுச்சான்னு கேக்கத்தான்"னான், அப்புறம் "அங்க என்ன சத்தம்"னான். நான் ஒண்ணும் சொல்லாம ஃபோன காரிடார் கம்பிக்கு வெளிய நீட்டிப் புடிச்சேன். பாட்டு முடியற வரைக்கும்.

முடிஞ்சதும் காதுல வச்சா, "நல்லாருக்குண்ணே, ஆனா ஏன் இவ்ளோ ஸ்லோ"ங்கிறான்.

சிரிச்சுட்டேன். அவனும் சிரிச்சான். அப்புறம் என்ன பாட்டுன்னு கேட்டான், சொன்னேன், என்ன அர்த்தம்னான். இந்த ஊரு, இந்த ஆறு, எங்க போனாலும் திரும்பி வர்ற எடம் இதுதாங்கிற மாதிரின்னேன். "ம்"னான். லைன்ல கொஞ்ச நேரம் சத்தமில்ல. பின்னால ரூம்ல யாரோ தட்டு கழுவுற சத்தம் மட்டும் கேக்குது. "அனுப்பி விடுங்கண்ணே"ன்னான். அனுப்புனேன்.

அதுக்கப்புறம் நான் கை கட்டிட்டு நிக்கிறதில்ல. பாடுறதும் இல்ல, குரல் அப்படி.

10 ஆகஸ்ட்

அந்தத் தம்பி என்ன ஆனான்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. நல்லா இருக்கான், இங்கதான் இருக்கான், கல்யாணம் ஆகி ஒரு பையன். ஹோம ரிங்டோனா வச்சிருந்தான் ரெண்டு வருஷம். சூப்பர்வைசர் நம்பருக்கு மட்டும். அந்தப் பாட்டு கேட்டா சைட்ல எல்லாரும் ஓடி ஒளிவாங்களாம்.

11 ஆகஸ்ட்

திருத்துன பட்டியல். ஒண்ணு மேட் சைனாமேன். ரெண்டு ராசா சாயாங். மூணு புங்ஙா சாயாங். நாலு ஃப்ரைட் ரைஸ், மாமா மன்னிக்கணும். அஞ்சு ச்சோய். ஹோம் பட்டியலுக்கு வெளியதான் இருக்கு, ஆனா வேற காரணத்துக்காக, அது பாட்டுக் கணக்குல வரலேன்னு வச்சுக்கங்க. வீட்டுப் பத்திரத்தக் கொண்டு போயி புத்தக அலமாரியில அடுக்க மாட்டோமில்ல.

கேள்வி கேட்டவர் இதுல ஒண்ணாச்சும் கேட்டாரான்னே தெரியல, மொத நாளுக்கப்புறம் ஆளக் காணோம்.

13 ஆகஸ்ட்

வந்துட்டார். ஃப்ரைட் ரைஸ்ல ஆரம்பிச்சாராம், பசிச்சு எந்திரிச்சுப் போயிட்டாராம்.

17 ஆகஸ்ட்

அந்த வெட்டி ஒட்டுன கேசட்ட ஃபோட்டோ எடுத்துப் போடுங்கன்னு கேட்டீங்க. சரின்னு இன்னிக்கு ஸ்டோர்ரூமுல ஏறினேன். பழைய மிக்சி, மகளோட ஸ்கூல் பேக், தீபாவளி லைட்டு எல்லாம் எறக்கி, கடைசி அட்டைப்பெட்டியில கெடச்சுது. கவர் மங்கிப் போயிருக்கு, ஆனா வேஷம் கட்டுன மொகம் அப்படியே இருக்கு. கை நடுங்குச்சு, சும்மா சொல்லல.

தொறந்தா உள்ள டிஎம்எஸ் முருகன் பாட்டு.

அக்காவோட வேலை. அவ கேசட்டு எல்லாத்தையும் கையில கெடச்ச டப்பாவுல போட்டு வைப்பா, அப்பவே அதுக்கு சண்ட. அப்ப டிஎம்எஸ் டப்பாவுக்குள்ள யாரு இருக்கான்னு பாக்கணும். அது ஈசூன்ல அக்கா வீட்ல. ஃபோன் பண்ணேன், அத்தான்தான் எடுத்தார். "எந்தக் கேசட்டு, லாரியில நீ ஒடைச்சியே அதா"ங்கிறார். நான் ஒடைச்சேனாம்!

ஞாயித்துக்கிழமை போறேன்.